ஏறிக்கொண்டே போன ஆயில்

துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்த்தபோதும் எஞ்சினின் அளவுக் கம்பியில் ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலேதான் நின்றது. புல்லுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். கம்பி தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நேற்றுக் காலை இதே கொட்டகையில், இதே சமதரையில் வண்டியை நிறுத்தி, அதிகமாக இருந்த ஆயிலை வடித்து, கோட்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் வெட்டப் போனார். முந்தாநாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

அது பள்ளிக்கூடத்துப் புல்வண்டி. ஏறி உட்கார்ந்து ஓட்டுவது, டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கும். வயிற்றுக்கடியில் மூன்று கத்திகள் சுழலும். பெரிய மைதானம், சின்ன மைதானம், நடுவில் சரிவு, எல்லாவற்றையும் வாரத்தில் இரண்டு சுற்று வெட்ட வேண்டும். பதினெட்டு வருடமாக அவர்தான் வெட்டுகிறார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் புல்லுக்காரர். இப்போது ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வரும் தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். காலையில் கம்பியை உருவிப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் வண்டியைக் கிளப்பியதில்லை. சிலருக்குக் காலையில் சாமி கும்பிடுவது எப்படியோ, அவருக்கு அது அப்படி.

பதினெட்டு வருடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு உண்மை, எஞ்சின் ஆயில் குறையும். வண்டிக்கு வயசானால் இன்னும் கொஞ்சம் வேகமாகக் குறையும். ஏறவே ஏறாது. தானாக ஏறாது என்றால் யாரோ ஊற்ற வேண்டும். கொட்டகைக்கு ஒரே சாவி, அது அவர் இடுப்பில் இருந்தது. ஆயில் இருப்பது மூலையில் நிற்கும் பெரிய தகரப் பீப்பாயில். அதில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று ஆட்டிப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. ஆக, ஊற்றியது அவராகத்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு ஊற்றியிருக்கிறார். ஊற்றியதை மறந்திருக்கிறார். இந்த முடிவுக்கு அவர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது, அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி ஒரு முடிவுக்கு வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள். அவர் வந்ததற்குக் காரணம் அவருடைய அக்கா. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஐம்பத்தேழாவது வயதில் ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் மறுபடி போட்டாள். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று சரிந்தது. நான்கு வருடமாக அவள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். இவர் தன் தம்பி என்பது அவளுக்குச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. புல்லுக்காரருக்கு வருகிற மாதம் ஐம்பத்தேழு முடிகிறது. உப்பு இரண்டு தடவை, ஆயில் இரண்டு தடவை. கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவரை அடித்துப் போட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். முன்பும் தேடியவர்தான், ஆனால் இப்போது அதுவும் சாட்சி சொல்ல வந்தது. வாட்ச்மேனை அவன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். கடைக்குப் போய் பேட்டரி வாங்காமல் பல்பு வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பகல் பாராமல் எண்ணிப் பார்த்தார். ஒரு சின்ன நோட்டு வாங்கி, 'இன்று ஆயில் ஊற்றவில்லை' என்று தேதி போட்டு எழுதினார். மறுநாள் ஆயில் ஏறியிருந்தது. எழுதிய பிறகு ஊற்றியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்ட ஆளுக்கு நோட்டு மட்டும் என்ன செய்யும்?

வீட்டில் சொல்லவில்லை. அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அவள் ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கும்போது முன்பெல்லாம் சும்மா பதில் சொல்லிவிட்டுப் போவார். இப்போது அந்தக் கேள்வி இன்னும் சில வருடத்தில் தன் வாயிலிருந்து வரப்போவதாகவே காதில் விழுந்தது. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார். மனைவி ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாளே என்று அதற்கும் பயந்தார்.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. பள்ளிக்கூடத்தில் கழிவு ஆயில் டின் மேனேஜர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. தினமும் போய் ஊற்றினால் 'என்னங்க, தினமும் ஆயில் மாத்தறீங்களா?' என்று ஒரு கேள்வி வரும். ஆகவே காலி கூல்டிரிங்க் பாட்டில்களில் பிடித்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இரண்டரை பாட்டில் சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சின்ன மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பந்து உருண்டு வந்தது. அதன் பின்னால் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று ஓடி வந்தது. அவர் திரும்பிப் பார்த்திருந்தார், நேரத்துக்கு நிறுத்திவிட்டார். கத்தியும் சுற்றவில்லை. பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு 'தாங்க்ஸ் புல்லுக்காரரே' என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டது. அவர்தான் அந்தச் சீட்டிலேயே கல்லாகச் சமைந்துவிட்டார். இன்று திரும்பிப் பார்த்தேன். நாளைக்குத் திரும்பிப் பார்க்க மறந்துபோனால்? ஆயிலை ஊற்றியதை மறக்கிறவன் இதையும் மறக்க மாட்டான் என்று யார் உத்தரவாதம் தருவது? அங்கேயே தீர்மானித்தார். திங்கட்கிழமை காலை சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிடுவது. காரணம் கேட்டால் முதுகுவலி என்று சொல்லிவிடுவது. அதன் பிறகு என்ன, வீட்டில் அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். 

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய பேப்பர்காரனுக்குப் போட மனைவி கட்டுகளை இழுத்தாள். பின்னாலேயே பாட்டில்கள் உருண்டு வந்தன. அவர் ஹாலில் ஷேவிங் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு கையும் களவுமாக மாட்டினார். மனைவி மூன்று பாட்டிலையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்னது எத்தனை நாளா?"

"குடிக்கிறது. சாப்பாடு இறங்கலை, மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை, தட்டைத் தூக்கிட்டுப் பின்னாடி ஓடறது. எல்லாம் பார்த்துட்டுதான் இருக்கேன். இந்த வயசுல இது வேறயா?"

"குடிக்கிறதில்லடி, ஆயில்" என்றார் அவர். குடி என்றே சொல்லியிருக்கலாமோ என்று அடுத்த நொடி தோன்றியது. அது இதைவிடச் சின்ன விஷயம்.

மனைவி நம்பவில்லை. மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். உடனே முகத்தைச் சுளித்துத் தலையைப் பின்னால் இழுத்தாள். "ஆயிலா இது? பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது."

"வண்டியிலேருந்து எடுத்த ஆயில்தான். அதுல எங்கேருந்து பெட்ரோல் வரும்?"

"எனக்கு மூக்கு இருக்குங்க. உங்களுக்குத்தான் இல்லை."

அது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, சாக்கடை பொங்கினாலும் தெரியாது. பெட்ரோல் கேனும் ஆயில் பீப்பாயும் இருக்கும் கொட்டகையில் அவருக்கு எல்லாம் வெறும் காற்றுதான். அவள் மற்ற இரண்டு பாட்டிலையும் திறந்து முகர்ந்தாள். மூன்றிலும் அதே வாடை. பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். கம்பி, பீப்பாய், நோட்டு, வெள்ளிக்கிழமைப் பந்து, திங்கட்கிழமைச் சாவி, எல்லாவற்றையும் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் மழிக்காமல் சொன்னார். அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார். உள் அறையில் அக்கா தனக்குத்தானே ஏதோ நம்பர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. மனைவிக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவர் முழங்காலில் கை வைத்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

"அவனுக்கா? வேணாம். ஊர் பூரா தண்டோரா போட்டுடுவான்."

"போடட்டும். ஆயில் ஏறுதுன்னு மட்டும்தான் சொல்லப் போறேன்."

மச்சான் ஜெனரேட்டர், பைக், தண்ணி மோட்டார் என்று எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் போடும் மெக்கானிக். கை எவ்வளவு வேலை செய்யுமோ வாய் அதைவிட இரண்டு மடங்கு செய்யும். தன் கல்யாணத்தன்று, மாலையோடு நின்றுகொண்டு, 'எங்க மாமா ஓட்டறது வண்டி இல்ல, மெஷின் வெச்ச ஆடு' என்று சபையில் சொன்னவன் அவன். சபை சிரித்தது. புல்லுக்காரர் சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக அவனிடம் அளவோடுதான் பேசுகிறார்.

மூன்று மணிக்கு எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள். அக்காவைத் தனியே விட முடியாது, அதனால் அவளும் வந்திருந்தாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது. "இது யார் வீடு தம்பி?" என்று அக்கா கேட்டாள். "பள்ளிக்கூடம்க்கா" என்று அவளைப் பார்க்காமலே சொன்னார்.

மச்சான் கம்பியை உருவினான். மூக்கருகே வைத்தான், சிரித்தான். கீழே கிடந்த பழைய நாளிதழ்த் தாளில் ஒரு சொட்டு விட்டான். கறுப்புப் புள்ளி நடுவில் நிற்க, அதைச் சுற்றி ஈரம் வெளிறிய வளையமாகப் படபடவென்று பரவியது. "பார்த்தீங்களா? நல்ல ஆயில் இப்படி ஓடாது, சோம்பேறி மாதிரி அங்கேயே உட்காரும். இதுல பாதி பெட்ரோல்" என்றான். "கிளப்பும்போது கரும்புகை வருமே?"

"வந்தது. ஆயில் ஜாஸ்தியானதாலன்னு நினைச்சேன்."

"வடிச்சதுக்குப் பதிலா புது ஆயில் ஊத்துனீங்களா?"

"இல்ல."

"அடப்பாவமே. இருந்த நல்ல ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்துட்டு, பெட்ரோல்ல ஓட்டியிருக்கீங்க. இன்னும் பத்து நாள் போயிருந்தா எஞ்சின் இறுகிப் போய் நின்னிருக்கும். நல்ல வைத்தியம் பார்த்தீங்க மாமா."

வேறு நாளாக இருந்தால் இதற்கு அவர் முகம் சுருங்கியிருக்கும். இப்போது அவன் என்ன சொல்கிறான் என்பதே முழுதாக உள்ளே போகவில்லை. பெட்ரோல் எப்படி வந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதையும் நான்தான் ஊற்றியிருப்பேனா? கேனை மாற்றி எடுத்திருப்பேனா?  மனைவி அவர் பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

மச்சான் டேங்கிலிருந்து வரும் ட்யூபை ஒரு கிளிப்பால் நெருக்கிவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றினான். உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். நேற்று மத்தியானத்திலிருந்து நிற்கிற வண்டி, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரின் வாய் முழுக்க ஈரம். பிறகு கார்புரேட்டரையே கழற்றி, அடிக்கிண்ணத்தைத் திறந்து, ஒரு துணி மேல் கவிழ்த்து வைத்தான்.

"மேல்தொட்டியில தண்ணி ரொம்பினா என்ன ஆகும்? பந்து மிதந்து குழாயை அடைக்கும்ல. இங்கயும் ஒரு பந்து இருக்கு. பெட்ரோல் ரொம்பினதும் அது மேல வந்து இந்த ஊசியைத் தள்ளி ஓட்டையை அடைக்கணும். அடைக்கலைன்னா?"

"வழியும்" என்றாள் மனைவி.

"வழியும். டேங்க் மேல இருக்கு, இது கீழ இருக்கு. வண்டி சும்மா நிக்கும்போது ராத்திரி பூரா சொட்டு சொட்டா இறங்கும். வெளிய வழிய வழி இல்ல, அதனால எஞ்சினுக்குள்ள போய், பிஸ்டனைச் சுத்திக் கீழ இறங்கி, ஆயிலோட கலந்துடும். காலையில பார்த்தா ஆயில் ஏறியிருக்கும்." அவன் ட்யூப் மாட்டும் முனையைத் துணியால் துடைத்து அவரிடம் நீட்டினான். "இப்போ கவுத்து வெச்சிருக்கேன். பந்தோட கனத்துல ஊசி ஓட்டையை மூடித்தான் இருக்கணும். ஊதிப் பாருங்க. நல்ல ஊசியா இருந்தா உங்க மூச்சு உள்ள போகக் கூடாது."

புல்லுக்காரர் அதை வாங்கி உதட்டில் வைத்தார். இரண்டாவது தடவைதான் சரியாகப் பொருந்தியது. கன்னம் உப்ப ஊதினார். எதுவும் தடுக்கவில்லை. மூச்சு தங்குதடை இல்லாமல் போய், அந்தப் பக்கம் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. மறுபடி ஊதினார். மறுபடி போனது. மூன்றாவது தடவை நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் விட்டார். அதுவும் போனது. இத்தனை நாளாக இப்படி ஒரு மூச்சை அவர் விடவே இல்லை.

மச்சான் ஊசியை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். நெல்லளவு இருந்தது. ரப்பர் நுனியைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது, நகத்தால் தடவினால் தெரிந்தது.

"அப்போ நான் ஊத்தலையா?" என்றார்.

"நீங்க எதுக்கு மாமா ஊத்தணும்? அதான் தானா ஊத்திக்கிச்சே."

புல்லுக்காரர் கவிழ்ந்த பக்கெட் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாராக்கும் என்று மச்சானும் கூடச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். "என்னக்கா?" என்று தன் அக்காவிடம் மெதுவாகக் கேட்டான். மனைவி சொன்னாள்: "அவரே ஊத்திட்டு மறந்துடறாருன்னு நினைச்சுட்டு இருந்திருக்கார். நாளைக்கு சாவியைக் குடுத்துடறதா இருந்தார்."

 மச்சான் வாசலில் நாற்காலியில் இருந்தவளை ஒரு முறை பார்த்தான், மாமாவைப் பார்த்தான். கையைத் துணியில் ரொம்ப நேரம் துடைத்தான்.

"என் கல்யாணத்துல ஆடுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். பதினஞ்சு வருஷமா அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க. உங்களுக்கா மாமா மறதி வரும்?"

அழுகையோடு சிரிப்பு வந்து முட்டியதில் புல்லுக்காரருக்குப் புரையேறியது. மனைவி முதுகில் தட்டினாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள். நாளைக்குக் கடை திறந்ததும் ஊசியும் அது உட்காரும் வளையமும் வாங்கிவிடலாம், பழைய ஆயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றலாம், டேங்குக்குக் கீழே ஒரு குழாய்த் திருகும் வைத்துவிடலாம், நிறுத்தும்போது மூடிவிட்டால் போதும் என்று மச்சான் அடுக்கினான். மேனேஜரிடம் ஒரு நாள் வண்டி ஓடாது என்று சொன்னால் தீர்ந்தது. "மூட மறந்துட்டா?" என்றார் புல்லுக்காரர். "மறந்தா மறந்துட்டுப் போங்க, புது ஊசி பார்த்துக்கும்" என்றான் மச்சான். எல்லாரும் மறக்கிற மாதிரி மறப்பது எவ்வளவு சுகமான விஷயம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. என்றைக்காவது ஒரு நாள் அக்காவுக்கு வந்தது தனக்கும் வரலாம். வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வரவில்லை. மலை போல வந்தது பனி போலப் போயிருந்தது.

முகம் கழுவிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். அக்காவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவள் அவருடைய ஈரக் கன்னத்தைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி அழுத?"

இன்று தம்பி தெரிந்த நாள். அவர் சொன்னார். ஆயில் ஏறியது, தான் ஊற்றுவதாக நினைத்துப் பயந்தது, ஒரு நெல்லளவு ஊசி செய்த வேலை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "அய்யோ. அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பாடா" என்று சொல்லி அவர் தலையைத் தொட்டாள். உள்ளே மச்சான் ஸ்பானரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அக்கா மைதானத்தைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஏன் தம்பி கண்ணு சிவந்திருக்கு? என்ன ஆச்சு?"

அவர் நாற்காலிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னார். ஆயில், கம்பி, ஊசி. இந்தத் தடவை அடுத்த வீட்டில் நடந்த கதை போல நன்றாகவே சொல்ல வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அதே இடத்தில் அய்யோ என்றாள். உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்று அவர் சொன்னதும், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவளாக அவள் முகம் மொத்தமும் மலர்ந்தது. அவருக்கும் அது அப்போதுதான் கேட்டது போல இருந்தது.

மனைவி கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "கிளம்பலாமா?" என்றாள்.

"இரு" என்றார். அக்காவின் நெற்றி மறுபடி சுருங்கத் தொடங்கியிருந்தது. அவர் அவளைப் பார்த்தபடியே, அவள் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.